தாத்தாவின் பெயரும் ஊரின் பெயரும்

வாசகர் கடிதம் (சுருக்கமாக):

"ஐயா, நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். 1968இல் தாத்தா ஆரம்பித்தது. கடைக்கும் அவர் பெயர்தான். 2021இல் தெரிந்தவர் ஒருவரிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வெப்சைட் போடச் சொன்னேன். கடைப் பெயரிலேயே டாட் இன் முகவரி வாங்கி, தளமும் செய்து கொடுத்தார். போன வருடம் பராமரிப்புப் பணத்தில் தகராறு வந்தது. இப்போது அந்த முகவரியைத் தட்டினால் வேறு ஒரு விளக்கு வியாபாரியின் பக்கம் திறக்கிறது. திருப்பிக் கேட்டால் எண்பதாயிரம் கேட்கிறார். இது போதாதென்று, எங்கள் ஊர்ப் பெயரோடு விளக்கு என்ற சொல்லைச் சேர்த்து டாட் காம் முகவரியில் வெளியூர்க்காரர் ஒருவர் கடை நடத்துகிறார். அவர் விற்பது எங்கள் ஊர் விளக்கே இல்லை. பக்கத்துத் தெருவில் சித்தப்பாவும் தாத்தா பெயரில்தான் கடை வைத்திருக்கிறார்; அவருக்கும் கோபம். இந்தப் பெயர்களை மீட்க முடியுமா? உலக அளவில் இதையெல்லாம் யார்தான் தீர்மானிக்கிறார்கள்?"

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒன்று தாத்தாவுடையது, இன்னொன்று ஊருடையது. உங்களுக்கு இரண்டின் மேலும் ஒரே ஆத்திரம் வருவது புரிகிறது. சட்டத்தில் மட்டும் இரண்டுக்கும் வழி தனித்தனி. தாத்தா பெயரை மீட்க உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஊர்ப் பெயரில் இருக்கும் முகவரியைப் பறித்து வாங்குவது கடினம். அதை வைத்துப் பொய்ச் சரக்கு விற்பதை நிறுத்த முடியும். ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வலைமுகவரி நிலம் மாதிரி கிரயம் ஆகும் சொத்து இல்லை, வருடக் குத்தகை. யார் முதலில் வந்து பணம் கட்டுகிறாரோ அவருக்குப் பதிவாகும். பத்திரப் பதிவு அலுவலகத்தில்கூட மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. பெயர் யாருடையது என்ற விசாரணை, யாராவது புகார் கொடுத்த பிறகுதான் தொடங்கும். அந்த விசாரணையில் உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஐம்பது வருடத் தொழிலும் நல்ல பெயரும் காகிதத்தில் வந்தால்தான் அங்கே கணக்கில் சேரும்.

சரி, டாட் இன் முகவரியிலிருந்து தொடங்குவோம்.

அந்த முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெப்சைட் செய்பவர்களில் சிலர் கடைக்காரர் பெயரைப் போட்டு, மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் மட்டும் தங்களுடையதைக் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் வழக்கே தேவைப்படாமல் போகலாம். கடையின் ஜிஎஸ்டி சான்று, உங்கள் அடையாள அட்டை, பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் வைத்து முகவரியை விற்ற பதிவு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதிவு செய்தவரின் பெயர் பொது விவரத்தில் மறைக்கப்பட்டிருந்தாலும் அந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கும்.

அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தால் அடுத்த படி. டாட் இன் முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. டாட் இன் தகராறுகளுக்கென்று 2005இலிருந்து அதற்கு ஒரு தனிக் கொள்கை உண்டு. நீங்கள் மனுப் போட்டால் நிக்ஸி ஒரு நடுவரை நியமிக்கும். அவர் 1996ஆம் வருட நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி விசாரிப்பார். பெரும்பாலும் நேரில் போக வேண்டியதில்லை, காகிதங்களை வைத்தே முடிந்துவிடும். அறுபது நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. தவிர்க்க முடியாவிட்டால் முப்பது நாள் கூடும். நம் ஊர் சிவில் வழக்குகளின் வேகத்தைப் பார்த்த உங்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும்.

நடுவர் முன்னால் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். முகவரி உங்கள் பெயரோடு ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான பாத்தியதை எதுவும் இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்தார் அல்லது கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துகிறார். அந்த 'அல்லது' உங்கள் வழக்கின் உயிர். டாட் காம் முகவரிகளுக்கான உலக விதியில் அந்த இடத்தில் 'மேலும்' என்று இருக்கிறது. அங்கே பதிவு செய்த அன்றே கெட்ட எண்ணம் இருந்தது என்றும் காட்டியாக வேண்டும். 2021இல் அந்த ஆள் உங்களுக்காகத்தானே வாங்கினார்? அன்றைக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று அவர் வாதாடலாம். டாட் இன்னில் அந்த வாதம் அவரைக் காப்பாற்றாது. இன்று அந்த முகவரியை உங்கள் போட்டியாளரின் பக்கத்துக்குத் திருப்பி விட்டிருக்கிறாரே, அது போதும். கைச்செலவுக்கு மேல் பெருந்தொகை கேட்டு முகவரியை விற்கப் பார்ப்பதும் கெட்ட எண்ணத்துக்கு அடையாளம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் எண்பதாயிரம் கேட்டதை அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். போனில் மட்டும் கேட்டிருந்தால், "நீங்கள் சொன்ன தொகைக்கு என்ன கணக்கு?" என்று அமைதியாக ஒரு செய்தி அனுப்புங்கள். திட்டவோ மிரட்டவோ வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பராமரிப்புப் பணம் என்று உண்மையாகவே அவருக்கு ஏதாவது பாக்கி இருந்தால் அதை வங்கி வழியாகக் கொடுத்துவிடுங்கள். மனுவில் பணத் தகராறு மேலே வந்து நின்றால், இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று நடுவர் கை கழுவிவிட வாய்ப்புண்டு. பாக்கியைத் தீர்த்துவிட்டால் மிச்சம் நிற்பது பெயர் மட்டும்தான்.

காகிதங்களைப் பற்றி: பழைய பில் புத்தகம், கடைப் பலகை தெரிகிற புகைப்படம், கோயில் கும்பாபிஷேக மலரில் கொடுத்த விளம்பரம், கண்காட்சியில் கடை போட்ட சான்றிதழ், வருமான வரிக் கணக்கு, வெளியூருக்கு அனுப்பிய லாரி ரசீது என்று தாத்தா பெயர் எங்கெல்லாம் அச்சாகியிருக்கிறதோ அதெல்லாம் வேண்டும். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். கறையான் அரித்த பில்லாக இருந்தாலும் தேதி தெரிந்தால் அது தங்கம். வாட்ஸ்அப் செய்திகளையும் இணையப் பக்கங்களையும் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால், 2023ஆம் வருடப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய 65பி சான்றிதழின் இடத்தில் வந்தது இது. அதற்காகவே அந்தச் செய்திகள் இருக்கும் போனை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள்.

டிரேட்மார்க், அதாவது வர்த்தக முத்திரை, பதிவு இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2004இல் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. 'சிஃபி' என்ற பெயரை 1999இலிருந்து முகவரிகளில் பயன்படுத்திவந்த நிறுவனம் ஒன்று. உச்சரிப்பில் அதையே ஒத்த பெயரில் 2001வாக்கில் முகவரி வாங்கியது மற்றொன்று. வலைமுகவரிக்கும் வர்த்தக முத்திரையின் குணங்கள் உண்டு, முத்திரைப் பதிவு இல்லாவிட்டாலும் முதலில் பயன்படுத்தி நல்லெண்ணம் சம்பாதித்தவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி, முதல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. உங்கள் தாத்தா 1968இலிருந்து சம்பாதித்தது அந்த நல்லெண்ணத்தைத்தான்.

இனிமேலாவது பதிவு செய்துவிடுங்கள். தனிநபராகவோ சிறு தொழிலாகவோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு சரக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். விளக்கு 11ஆம் வகுப்பில் வரும். பாத்திரமும் விற்றால் 21. பதிவு பத்து வருடம் நிற்கும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பத்தில் '1968 முதல் பயன்பாடு' என்று குறிப்பிட்டு அதற்கான பிரமாணப் பத்திரத்தையும் இணைக்க வேண்டும். நேற்று ஆரம்பித்தது போல 'பயன்படுத்த உத்தேசம்' என்று போட்டுவிட்டால் ஐம்பது வருடத்தையும் நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். இந்தத் தவறோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆனால் விண்ணப்பத்துக்கு முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் சித்தப்பா வீடு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக் குடும்பம் என்னிடம் வந்தது. அண்ணன் தம்பி இருவர், பாகப்பிரிவினை முடிந்து எட்டு வருடம். நிலம், வீடு, கடை, பசு மாடு வரைக்கும் பத்திரத்தில் எழுதியிருந்தார்கள். அப்பா பெயரில் இருந்த கடைப் பெயர் யாருக்கு என்று ஒரு வரி இல்லை. அண்ணன் டிரேட்மார்க் போட்டார். தம்பி ஆட்சேபணை போட்டார். இருவரும் மாறி மாறி வலைமுகவரி வாங்கினார்கள். நடுவில் வெளியாள் ஒருவர் அதே பெயரில் மூன்றாவது முகவரி வாங்கினார். அவர் மேல் புகார் போட்டபோது, இந்தப் பெயர் தனக்கே உரியது என்று அண்ணனாலும் சொல்ல முடியவில்லை, தம்பியாலும் சொல்ல முடியவில்லை. ஒருவர் எழுதிக் கொடுத்ததையே மற்றவருக்கு எதிராக அந்த வெளியாள் காட்டினார். புகார் தோற்றது. ஒரே வீட்டில் பிறந்த இருவர் என் மேசைக்கு எதிரே முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் சித்தப்பாவுக்கும் தாத்தா பெயரில் உங்களுக்கு இருக்கும் அதே பாத்தியதை இருக்கலாம். அதை மறைத்து நீங்கள் மட்டும் விண்ணப்பித்தால் முதல் ஆட்சேபணை அவரிடமிருந்துதான் வரும். டிரேட்மார்க் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருவர் சேர்ந்து ஒரு முத்திரைக்கு உரிமையாளராக இருக்க வழி இருக்கிறது. அவரிடம் போய் உட்காருங்கள். முத்திரை இரண்டு குடும்பத்துக்கும் பொது, அவரவர் கடைக்கு அவரவர் அடைமொழி, முகவரி யார் கணக்கில் இருக்கும், வருடக் கட்டணம் யார் கட்டுவது என்று இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். நிக்ஸி மனுவிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் எதிராளிக்கு நுழைய ஓட்டை இருக்காது. அவருக்கும் கோபம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மேல்தான் என்றாலும் போங்கள்.

இனி ஊர்ப் பெயர்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. சுவாமிமலைச் சிலைக்கும் திருபுவனம் பட்டுக்கும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கும் இருக்கிறது. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்கும் கிடைத்தது. காவிரி வண்டலில் அச்சு எடுத்து, வார்த்து, கடைந்து, மேலே அன்னத்தை உட்கார வைக்கும் அந்த வேலை உங்கள் ஊரோடு ஒட்டியது என்று நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1999ஆம் வருடப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, வேறு ஊரில் செய்த சரக்கை இந்த ஊருடையது என்று வாங்குபவர் நம்பும்படி காட்டுவது மீறல். கடைப் பலகையில் காட்டினாலும் வலைப்பக்கத்தில் காட்டினாலும் ஒன்றுதான்.

ஆனால் அந்த வழக்கைப் போடக் குறியீட்டின் பதிவு உரிமையாளருக்கோ, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்த கைவினைஞருக்கோதான் உரிமை உண்டு. உங்களிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி இது: உங்கள் அப்பா அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்திருக்கிறாரா? குறியீடு வந்துவிட்டது என்று பேப்பரில் படித்ததோடு பெரும்பாலான பட்டறைகள் நின்றுவிடுகின்றன. தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 2020இல் விதியைத் திருத்தி அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய்! பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. குறியீடு எந்த அமைப்பின் பெயரில் இருக்கிறது என்று அதன் இணையதளத்தில் பார்த்து, அவர்கள் மூலமாக விண்ணப்பியுங்கள். பதிந்துவிட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. மீறல் வழக்கை நீங்கள் தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். எதிராளி எந்த மாநிலத்தில் இருந்தாலும் அவர்தான் இங்கே வர வேண்டும்.

நீதிமன்றம் அந்த வியாபாரியைப் பொய்ச் சரக்கு விற்காதே என்று தடுக்கும். முகவரியைக் கைமாற்றிக் கொடு என்று சொல்லுமா என்பது வழக்கின் விவரத்தைப் பொறுத்தது. கோர்ட்டுக்குப் போகாமல் உலக நடுவர் முறையில் அந்த டாட் காமைக் கேட்கலாமா என்றால், உங்களுக்கு வழி அடைபட்டிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வலைமுகவரிகளின் உலக ஒழுங்கைக் கவனிப்பது ஐகேன் என்ற அமைப்பு. 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. பல வருடம் அமெரிக்க அரசின் ஒப்பந்தத்துக்குக் கீழே இருந்து, 2016 அக்டோபரில்தான் அதிலிருந்து விடுபட்டது. அடுத்த மாதமே அதன் கூட்டம் நம் ஹைதராபாத்தில் நடந்தது. தொண்ணூறுகளில் பெரிய நிறுவனங்களின் பெயர்களை யார் யாரோ பதிந்து வைத்துக்கொண்டு விலை பேசினார்கள். அந்த நிறுவனங்கள் போட்ட சத்தத்தில், ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு ஒரு திட்டம் எழுதியது. 1999இல் ஐகேன் அதை ஏற்றது. டாட் காம் தகராறுகள் இன்றுவரை அந்த விதிப்படிதான் நடக்கின்றன. அதன் முதல் நிபந்தனையே, புகார் கொடுப்பவருக்கு வர்த்தக முத்திரை உரிமை இருக்க வேண்டும் என்பது. முத்திரைக்காரர்கள் போட்ட சத்தத்தில் பிறந்த விதி, முத்திரைக்காரர்களுக்கே கதவு திறக்கிறது.

ஐகேனுக்குள் கொள்கை வகுக்கும் இடத்தில் அறிவுசார் சொத்துரிமைக்காரர்களுக்கென்றே ஓர் அணி இருக்கிறது. வணிகர்கள், இணையச் சேவை நிறுவனங்கள், லாப நோக்கில்லாத அமைப்புகள், முகவரி விற்பவர்கள் என்று மற்றவர்களுக்கும் அணிகள் உண்டு. அரசுகளுக்கு ஆலோசனைக் குழு உண்டு, இந்தியாவும் அதில் உறுப்பினர். சொத்துரிமை அணி வலுவானது. வருடம் முழுக்க இதே வேலையாக இருக்கும் வழக்கறிஞர்கள் அதில் இருக்கிறார்கள். 2012இல் டாட் காம், டாட் இன் போல முகவரியின் கடைசியில் வரும் முடிவுப் பெயர்களைப் புதிதாகக் கேட்க ஐகேன் கதவு திறந்தபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. புதுப் பெயர் வெளியாகும்போது முத்திரை வைத்திருப்பவர் முதலில் வந்து தன் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அப்போது கட்டாயமானது. அதற்கு உலகளாவிய முத்திரைக் களஞ்சியம் ஒன்றும் அமைந்தது. தெருவில் எல்லோருக்கும் கடை திறக்கும் முன்னால் முத்திரைக்காரருக்கு மட்டும் தனி வாசல்.

அந்த அணியை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. போலி வங்கிப் பக்கம், போலி மருந்துக் கடை இவற்றையெல்லாம் முடக்க அவர்கள் கேட்டுப் பெற்ற விதிகள் நமக்கும் உதவுகின்றன. டாட் இன் விதியும் அந்த 1999 விதியைப் பார்த்து எழுதியதுதான். நாளைக்கு உங்கள் தாத்தா பெயரை மீட்டுத் தரப்போவதும் அதுதான். என் வருத்தம் வேறு. அந்த மேசையில் புவிசார் குறியீட்டுக்கு நாற்காலி போடவில்லை. 2001இல் அதே ஜெனீவா அமைப்பு இரண்டாவது ஆய்வு ஒன்று செய்து, ஊர்ப் பெயர்களையும் புவிசார் குறியீடுகளையும் சேர்க்கலாமா என்று பார்த்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது, இப்போதைய சர்வதேசச் சட்டம் அதற்குப் போதாது என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. இருபது வருடத்துக்கு மேலாகியும் அதே நிலைதான்.

இதனால் அடிபட்டவர்கள் நாம் மட்டும் இல்லை. பிரான்ஸின் ஷாம்பேன் ஒயின் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பணமும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. ஷாம்பேன் என்ற பெயரில் டாட் கோ முகவரி ஒன்றை யாரோ வைத்திருந்தார்கள். 2011இல் அந்தச் சங்கம் புகார் கொடுத்தது. புவிசார் குறியீடு மட்டும் இந்த விதிக்கு முத்திரை உரிமை ஆகாது என்று நடுவர் தள்ளுபடி செய்தார். 2014இல் ஒயின் என்ற சொல்லையே முடிவுப் பெயராகத் திறக்க ஐகேன் தயாரானபோது, எங்கள் வட்டாரப் பெயர்களுக்குப் பாதுகாப்பு எங்கே என்று பிரான்ஸ் அரசே எதிர்த்து நின்றது. கடைசியில் உற்பத்தியாளர்களும் விண்ணப்பித்த நிறுவனமும் தனியாகப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். விதி மாறவில்லை. ஷாம்பேனுக்கே அந்தக் கதி என்றால் நாச்சியார்கோயிலின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஊர்ப் பெயர் யாருக்கு என்ற கேள்வியில் இன்னொரு பக்கமும் உண்டு. பார்சிலோனா டாட் காம் முகவரியை 2000இல் ஜெனீவா நடுவர் அந்த நகராட்சிக்குக் கொடுத்தார். முகவரி வைத்திருந்தவர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார்கள். வெறும் ஊர்ப் பெயரில் யாருக்கும் முத்திரை உரிமை கிடையாது என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. கோபத்தோடு படித்தாலும் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. கும்பகோணம் டிகிரி காபி என்று எத்தனை நெடுஞ்சாலையில் பலகை பார்க்கிறோம்! கும்பகோணம் என்ற சொல்லை ஒரே ஆள் சொந்தம் கொண்டாட முடிந்தால், குடந்தையில் பிறந்தவனே தன் கடைக்கு ஊர்ப் பெயர் வைக்க அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் நம் டிரேட்மார்க் சட்டமும் 9ஆம் பிரிவில், சரக்கு எந்த ஊருடையது என்று மட்டும் சொல்லும் பெயருக்குத் தனி முத்திரை கொடுக்கத் தயங்குகிறது. நாச்சியார்கோயில் விளக்கு என்று உங்கள் பெயரில் முத்திரை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பெயர் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் பொது.

அரசு பேசினால் ஐகேனில் காது கொடுக்கிறார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பட்டகோனியா என்ற துணி நிறுவனம் தன் பெயரை முடிவுப் பெயராகக் கேட்டது. அது எங்கள் நிலப்பகுதியின் பெயர் என்று அர்ஜென்டினாவும் சிலியும் எதிர்க்க, 2013இல் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். நம் டாட்டா நிறுவனம் டாட்டா என்ற முடிவுப் பெயரைக் கேட்டபோது, மொராக்கோவில் டாட்டா என்று ஒரு மாகாணம் இருப்பதால் அந்த நாட்டின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வரும்வரை காத்திருந்தது. ஒரு மாகாணத்தின் பெயருக்கு அவ்வளவு மரியாதை. அமேசான் பெயருக்காக பிரேசிலும் பெருவும் பல வருடம் போராடின, கடைசியில் கம்பெனிக்கே போனது. ஆக, அரசு பேசினாலும் எப்போதும் வெல்வதில்லை. பேசாவிட்டால் கணக்கிலேயே வருவதில்லை. ஐகேன் எந்த விதியைத் திருத்தினாலும் பொதுமக்கள் கருத்தை ஆன்லைனில் கேட்கிறது. யாரும் எழுதலாம், கட்டணம் இல்லை. புவிசார் குறியீடு வைத்திருக்கும் டெல்டா சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கடிதம் எழுத வேண்டும், மத்திய அரசுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உங்கள் சங்கம் முன்வந்தால் அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

அப்புறம், அந்த டாட் காம் ஆள் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். முன்பெல்லாம் முகவரி வைத்திருப்பவரின் பெயர், விலாசம், போன் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததும் அந்த விவரங்களை மூடிவிட்டார்கள். சொத்துரிமை அணி அதைத் திறக்கச் சொல்லி இன்றும் வாதாடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் முழுதாக இல்லை. வீட்டிலிருந்து எழுதும் ஒரு பெண்ணின் விலாசம் உலகத்துக்கே தெரிய வேண்டியதில்லை. ஆனால் சரக்கு விற்கிறவன் ஒளிந்துகொள்ளக் கூடாது. அதற்கு நம் நாட்டிலேயே விதி இருக்கிறது. 2020ஆம் வருட மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி இணையத்தில் விற்பவர் தன் சட்டப்பூர்வப் பெயரையும் விலாசத்தையும் குறைதீர் அலுவலரின் விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். அது அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுவே தனியாக ஒரு புகார். இருந்தால் நோட்டீஸ் அனுப்ப விலாசம் கிடைத்துவிட்டது. அதுவும் முடியாவிட்டால் அந்த முகவரியை விற்ற பதிவு நிறுவனத்திடம் விவரம் கேட்க, 2023 நவம்பரில் ஐகேன் தொடங்கிய ஒரு வேண்டுகோள் முறை இருக்கிறது. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. கேட்பதில் நஷ்டமில்லை.

வழக்கு முடியும்வரை கடையை மூடிவைக்க முடியாது அல்லவா? தாத்தா பெயரில் டாட் காம் இன்னும் காலியாக இருந்தால் இன்றைக்கே வாங்குங்கள். தமிழிலேயே எழுதும் டாட் இந்தியா முகவரியும் இருக்கிறது, அதையும் எடுத்து வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது உங்கள் கடைப் பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் வரும் என்று வீட்டில் நாலு பேரை எழுதச் சொல்லிப் பாருங்கள். கோயிலையே ஒருவர் கோயில் என்பார், ஒருவர் கோவில் என்பார். அதிகம் புழங்கும் இரண்டு கூட்டலையாவது வாங்கினால் போதும், எல்லாவற்றையும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில், உங்கள் கார்டில் இருக்கட்டும். இனி யார் தளம் செய்தாலும் அவருக்குத் தளத்தில் வேலை செய்ய மட்டும் அனுமதி கொடுங்கள், முகவரிக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த டாட் காம் பக்கத்தையும், உங்கள் டாட் இன் முகவரி திறந்து காட்டும் பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினர் ஒருவரை அந்த டாட் காமில் ஒரு சிறிய விளக்கு வாங்கச் சொல்லுங்கள். பில்லும் பெட்டியும் விளக்கும் அப்படியே இருக்கட்டும், பெட்டியின் மேல் ஒட்டிய விலாசச் சீட்டைக் கிழிக்க வேண்டாம். அந்த விளக்கை உங்கள் அப்பா கையில் கொடுத்து, வார்ப்பில், கடைசலில், எடையில், அன்னத்தின் கழுத்தில் எங்கெங்கே நம் வேலை இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்கம் மறுநாளே மாறிவிடலாம், விளக்கு உங்கள் கையில் இருக்கும். இதெல்லாம் தயாரானதும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்